உப்புக்காற்றில் டர்போ: இஞ்சினுக்குள் போகும் காற்றைச் சூடேறவிடாமல் காப்பது

புத்தளம் கரையோரத்தில் ஓடும் டர்போ வாகனங்களில் பெரும்பாலானவை வயதானவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்ததையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். ஹைலக்ஸ், எல்200, பஜேரோ, கேடிஎச் வான், ஸ்டிங்ரே டர்போ என்று எதன் இஞ்சின் அறையைத் திறந்தாலும் காய்ந்து வெடித்த ரப்பரும், உதிர்ந்துபோன நுரைப்பட்டியும், வெண்பூ பூத்த அலுமினியமும்தான் கண்ணில் படுகின்றன. வண்டி இழுக்கவில்லை என்று கராஜுக்குப் போனால் டர்போ போய்விட்டது என்பதே பல இடங்களில் முதற் பதிலாக வருகிறது. இன்னும் சில இடங்களில் பெரிய இன்டர்கூலர் ஒன்றைப் போடச் சொல்கிறார்கள்.

இரண்டுக்கும் முன்னர் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. வண்டியைச் செய்த கம்பனி கொடுத்த காற்றுப்பாதையை, கொடுத்த நிலைக்கே திரும்பக் கொண்டுவருவது. அதற்குக் கொஞ்சப் பணமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த வேலையைப் பற்றியதுதான்.

காற்று எங்கே, எவ்வளவு சூடேறுகிறது

அமுக்கினால் காற்று சூடேறும். சைக்கிள் பம்பின் அடிப்பாகம் சுடுவதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சுவிஸ் பொறியியலாளர் அல்பிரட் பூஹி, வெளியேறும் புகையின் வலுவைக்கொண்டு காற்றை அமுக்கி இஞ்சினுக்கு ஊட்டலாம் என்று 1905இல் காப்புரிமை பெற்ற காலந்தொட்டே டர்போவோடு ஒட்டிவந்த சிக்கல் இது. அமுக்குவதன் நோக்கம், ஒரே இடத்துக்குள் கூடுதலான காற்றை அடைப்பது. சூடேறிய காற்றோ விரிந்து அந்த இலாபத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. அமுக்கிய காற்றைக் குளிர்வித்து, இழந்த பங்கை மீட்கத்தான் இன்டர்கூலர்.

எண்களில் பார்த்தால் விடயம் தெளிவாகும். வைகாசி வெயிலில் வீதிமேல் காற்று 35 பாகை என்று வைத்துக்கொள்வோம். டர்போ அதை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்குகிறது. கராஜ் பாஸ்மார் சொல்லும் கணக்கில் அது ஏறக்குறைய 14 அரை பிஎஸ்ஐ. எந்தக் குறையும் இல்லாத அமுக்கியாக இருந்தாலே காற்று 102 பாகைக்கு ஏறிவிடும். உண்மையான டர்போ நூற்றுக்கு எழுபது பங்கு திறனோடு வேலை செய்தால் 131 பாகை. இன்டர்கூலர் சுத்தமாக இருந்து, அந்தக் கூடுதல் சூட்டில் நூற்றுக்கு எழுபதை வெளியே தள்ளினால் இஞ்சினுக்குள் போகும் காற்று 64 பாகையில் நிற்கும்.

இனி, கவனிப்பாரற்ற வண்டி. எயார் ஃபில்டர் பெட்டிக்கு வெளியிலிருந்து காற்றுக் கொண்டுவரும் குழாய் எங்கோ கழன்றுவிட்டது. டர்போ இப்போது பொனற்றுக்குக் கீழே உள்ள 55 பாகைக் காற்றை உறிஞ்சுகிறது. அதே அமுக்கத்துக்குப் பிறகு அது 158 பாகை. இன்டர்கூலர் பாதி அடைபட்டு நூற்றுக்கு ஐம்பதைத்தான் தள்ளுகிறது என்றால் இஞ்சினுக்குள் போவது 96 பாகைக் காற்று. முதல் வண்டியோடு ஒப்பிட்டால் 32 பாகை கூடுதல். காற்றின் எடையில் அது நூற்றுக்கு ஒன்பது பங்கு குறைவு. டர்போ புத்தம் புதிதாக இருந்தாலும் அந்த ஒன்பது பங்கு திரும்பி வராது.

மனதில் வைத்துக்கொள்ள ஒரு இலகுவான கணக்கு: இன்டர்கூலருக்குப் பிறகு ஒவ்வொரு மூன்று பாகை ஏற்றத்துக்கும் காற்று நூற்றுக்கு ஒரு பங்கு குறைகிறது.

டீசல் இஞ்சினில் இதன் விளைவு கறுப்புப் புகையும் மந்தமான இழுவையும். காற்றுக் குறைய, எரியும் சூடு கூடி, வெளியேறும் புகையின் வெப்பமும் ஏறும். நீண்ட தூரம் பாரத்தோடு அப்படியே ஓட்டினால் ஹெட், பிஸ்டன், டர்போ மூன்றும் அடிவாங்கும். பழைய 4டி56 இஞ்சின்களில் ஹெட் வெடிப்பது எந்தக் கராஜிலும் தெரிந்த கதை; அந்த இஞ்சினுக்குச் சூடான காற்றை ஊட்டுவது ஆபத்தைத் தேடிப் போவதுதான். பெற்றோல் டர்போவில் பிரச்சினை வேறு வடிவில் வரும். எரிபொருள் நேரத்துக்கு முன்பே வெடித்துத் தட்டும். கணினி அதைக் கேட்டு, தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளும். வண்டி உடையாது, ஆனால் இழுக்காது. சாரதிக்குக் காரணமும் தெரியாது.

ஈரக் காற்றும் தன் பங்குக்கு ஒரு வரி அறவிடுகிறது. 30 பாகை வெப்பமும் நூற்றுக்கு எண்பது ஈரப்பதனும் உள்ள காற்றில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் வெறும் நீராவி. அது எரிய உதவாது. கரையோரத்தில் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. நம் கையில் உள்ளது வெப்பம் மட்டுமே என்பதால்தான் அதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

இந்தக் கரையில் இன்டர்கூலர் ஏன் சீக்கிரம் சாகிறது

சிலாபத்திலிருந்து கற்பிட்டி முனைவரை மே முதல் செப்டெம்பர்வரை தென்மேல் பருவக்காற்று விடாமல் அடிக்கும். மாம்புரியிலும் நுரைச்சோலைப் பக்கமும் காற்றாலைகள் நிற்பதும், கற்பிட்டிக் களப்பில் காற்றாடிச் சறுக்கலுக்கு வெளிநாட்டார் வந்து குவிவதும் அந்தக் காற்றை நம்பித்தான். அதே காற்று கடலின் உப்பைத் தூளாகச் சுமந்து வந்து நம் வண்டிகளின் முன்பக்கத்தில் இறக்குகிறது. புத்தளம் களப்பைச் சுற்றியுள்ள உப்பளங்கள், கற்பிட்டித் தோட்டங்களின் மணல், பாலாவிப் பக்கத்துச் சீமெந்துத் தூள், மாரவில, வென்னப்புவ பக்கம் போனால் தும்பு ஆலைகளின் நார்த்தூசி என்று ஒவ்வொரு ஊரும் ஏதோ ஒன்றை அதனோடு சேர்த்துவிடுகிறது.

உப்பு மட்டும் தனியாக வந்தால் உதிர்ந்துவிடும். ஆனால் காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75ஐத் தாண்டியதும் அது தானாகவே நீரை இழுத்துக் கரைகிறது. இந்தக் கரையில் இரவில் ஈரப்பதன் அந்த எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே இரவு முழுவதும் இன்டர்கூலரின் மெல்லிய தகடுகளான ஃபின்கள் மேல் ஓர் உப்புநீர்ப் படலம் படிந்து கிடக்கிறது. பகலில் காற்றில் வரும் தூசி அதில் ஒட்டுகிறது. பத்து மணி வெயிலிலும் இஞ்சின் சூட்டிலும் அது காய்ந்து ஓடாகிறது. அடுத்த இரவு அதற்கு மேல் இன்னொரு படலம். ஒரு பருவம் முடிவதற்குள் ஃபின்களின் இடைவெளி பாதியாகிவிடும். அந்த ஓட்டுக்கு அடியில் உப்பு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கிறது. வெண்பூவாக நாம் பார்ப்பது அதைத்தான். இரும்பு நட்டும் அலுமினியமும் தொடும் இடங்களில் அரிப்பு இன்னும் வேகம்.

கொழும்பில் எழுதப்பட்ட சேர்விஸ் அட்டவணையில் இதற்கு இடமில்லை. இந்தக் கரைக்கென்று நாமே ஒரு அட்டவணை வைத்துக்கொள்ள வேண்டும்.

கைவைக்கும் முன் அளந்து பாருங்கள்

2000க்குப் பிந்திய பெரும்பாலான வண்டிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி துளை இருக்கும். ஈஎல்எம் 327 வகை புளூடூத் கருவி ஒன்றைச் செருகி, கைபேசியில் ஒரு செயலியைப் போட்டால் உள்ளே போகும் காற்றின் வெப்பம் எண்ணாகத் தெரியும். பலர் ஏமாறும் இடமும் இதுதான். பல வண்டிகளில் அந்தப் பெயரில் தெரியும் எண், எயார் ஃபில்டருக்குப் பக்கத்தில் உள்ள காற்றோட்டச் சென்சரிலிருந்து வருவது. அது டர்போவுக்கு முந்திய வெப்பம். இன்டர்கூலர் எப்படி வேலை செய்கிறது என்று அது சொல்லாது.

எந்தச் சென்சர் என்பதை அறிய ஒரு சோதனை. வெற்று வீதியில், மூன்றாம் கியரில், அக்சிலரேற்றரை முழுவதும் மிதித்துப் பத்து விநாடி போங்கள். எண் மளமளவென்று ஏறினால் அது இன்டர்கூலருக்குப் பிந்திய சென்சர். அசையாமல் நின்றாலோ, வேகம் கூடும்போது குறைந்தாலோ அது முந்தியது. இரண்டும் உள்ள வண்டிகளில் இரண்டு எண்களும் தனித்தனியாகக் கிடைக்கும். அப்படிக் கிடைத்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். டீசல் வண்டிகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மெதுவாகப் போகும்போது ஈஜிஆர் வால்வ் வெளியேறும் புகையில் ஒரு பங்கை உள்ளே திருப்பிவிடும். சென்சர் அதற்குப் பின்னால் இருந்தால் எண் உயர்ந்து காட்டும். அதை இன்டர்கூலரின் குற்றமாக எடுக்கவேண்டாம்.

கணினி இல்லாத பழைய பஜேரோ, எல்200 வைத்திருப்பவர்கள் மின்கடைகளில் கிடைக்கும், வயர் நுனியில் வெப்பம் அளக்கும் சிறிய மீற்றர் ஒன்றை வாங்கலாம். நுனியை இன்டர்கூலரிலிருந்து வெளியேறும் உலோகக் குழாயின் மேல் வைத்து, துணி சுற்றி, டேப் போட்டுக் கட்டிவிடுங்கள். உண்மையான வெப்பத்தைவிடச் சற்றுக் குறைவாகத்தான் காட்டும். இன்றைய எண்ணையும் வேலைக்குப் பிந்திய எண்ணையும் ஒப்பிட அது தாராளம்.

அளக்கும் வீதி எப்போதும் ஒன்றாக இருக்கட்டும். மதுரங்குளிக்கும் முந்தலுக்கும் இடையே சிலாபம் வீதி நல்ல சமதரை. வண்டி ஓரளவு சீராக ஓடும். மணிக்கு 60 கிலோமீற்றரில் ஐந்து நிமிடம் போன பிறகு எண்ணைப் படியுங்கள். அன்றைய வெளிவெப்பத்தையும் சேர்த்துக் கொப்பியில் எழுதுங்கள். சீரான ஓட்டத்தில் வெளிவெப்பத்தைவிடப் பத்துப் பதினைந்து பாகைக்குள் நின்றால் கவலை இல்லை. முப்பதைத் தாண்டினால் கீழே சொல்லும் வேலைகள் உங்களுக்கானவை.

காற்று எங்கிருந்து வருகிறது

பொனற்றைத் திறந்து, எயார் ஃபில்டர் பெட்டியிலிருந்து முன்னோக்கிப் போகும் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். அது லைற்றுக்குப் பின்னாலோ, கிரில்லுக்குப் பக்கத்திலோ, மட்கார்ட்டுக்குள்ளோ வெளிக்காற்றைத் தொட்டு முடியவேண்டும். விபத்தில் முன்பக்கம் திருத்திய வண்டிகளில் இந்தக் கடைசித் துண்டு பெரும்பாலும் இருக்காது. டிங்கரிங் முடித்து, பெயின்ட் அடித்து, பளபளவென்று திருப்பித் தருவார்கள். உள்ளே இருந்த பிளாஸ்டிக் குழாயும் தடுப்புத் தகடும் கராஜ் மூலையில் கிடக்கும். பழைய சாமான் கடைகளில் தேடினால் கிடைக்கும் பொருள்தான். கிடைக்காவிட்டால் அதே விட்டமுள்ள நெளிவுக் குழாய் ஒன்றை வாங்கி வெளிக்காற்றுக்கு நீட்டுங்கள்.

பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டர் போடுவது இளைஞர்களுக்குப் பிடித்த வேலை. சத்தம் நன்றாகத்தான் இருக்கும். திறந்து கிடக்கும் அந்த ஃபில்டர் இழுப்பது இஞ்சின் அறையின் சூட்டை. 35 பாகைக் காற்றை விட்டுவிட்டு 55 பாகைக் காற்றைக் காசு கொடுத்து வாங்கும் இந்த மாற்றத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கற்பிட்டி மணலில் ஓடும் வண்டிக்கு அது இரட்டைக் கேடு, ஏனெனில் நுண்மணல் அமுக்கியின் அலகுகளைத் தேய்த்துவிடும்.

அடைபட்ட ஃபில்டரும் காற்றைச் சூடாக்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஃபில்டரில் 50 மில்லிபார் அழுத்தம் தொலைந்தால், அதே முடிவு அழுத்தத்தை எட்ட டர்போ கூடுதலாக அமுக்கவேண்டும். வெளியேறும் காற்று எட்டுப் பாகை கூடுதலாகச் சூடேறும். தார் வீதியில் மட்டும் ஓடும் வண்டிக்கும், ஏத்தாளை, ஆலங்குடா பக்கத்து மணல் பாதைகளில் தினமும் இறங்கும் வண்டிக்கும் ஒரே மாற்றுக்காலம் பொருந்தாது. பின்னதற்குக் கம்பனி சொன்ன தூரத்தில் பாதி என்று வையுங்கள். காகித ஃபில்டரைக் காற்றடித்து மூன்று நான்கு தடவை பாவிப்பது சிக்கனம் என்று நினைக்கிறோம். காகிதம் கிழிந்தால் அந்தச் சிக்கனத்தின் விலை ஒரு டர்போ.

கழுவும் முறை

தென்மேல் பருவத்தில் வாரம் ஒருமுறை, மற்றக் காலத்தில் மாதம் ஒருமுறை, இன்டர்கூலரின் ஃபின்களை நல்ல தண்ணீரால் கழுவவேண்டும். இவ்வளவு இலகுவான வேலை இந்தப் புத்தகத்தில் வேறில்லை. செய்பவர்களும் மிகக் குறைவு.

தண்ணீரில்தான் முதற் சிக்கல். கற்பிட்டிக் குடாநாட்டின் கிணற்று நீர், மணலுக்குள் கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய நன்னீர்ப் படுகையிலிருந்து வருவது. மோட்டர் வைத்து அதிகமாக இறைத்த இடங்களில் உவர் ஏறியிருக்கும். உவர் நீரால் கழுவினால் உப்பைக் கழுவுகிறோம் என்ற பெயரில் உப்பைப் பூசுகிறோம். உங்கள் கிணற்று நீரைக் கறுப்புத் தகட்டில் இரண்டு துளி விட்டு வெயிலில் காயவிடுங்கள். வெள்ளை வட்டம் தெளிவாக நின்றால் அந்த நீர் வேண்டாம். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் நல்லது. இல்லையேல் உவர் நீரால் முதலில் ஓட்டைக் கரைத்து, கடைசியில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வாங்கிய ஐந்து லீற்றரால் அலசி விடுங்கள்.

இஞ்சின் ஆறிய பிறகே கழுவுங்கள். சாதாரணத் தோட்டக் குழாயின் வேகம் போதும். சேர்விஸ் ஸ்டேஷன் அழுத்தக் குழாயைக் கிட்டப் பிடித்தால் ஃபின்கள் மடிந்துபோகும். மடிந்த ஃபின் அடைபட்ட ஃபின்னுக்குச் சமம். தண்ணீர் பின்னாலிருந்து முன்னால் வரவேண்டும், அதாவது காற்று போகும் திசைக்கு எதிராக. முன்னாலிருந்து அடித்தால் தூசி இன்னும் ஆழமாக இறங்கும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி கலந்து பத்து நிமிடம் ஊறவிடலாம். கோஸ்டிக் சோடாவும் அமிலமும் கிட்ட வரக்கூடாது. ஒரு மணித்தியாலத்தில் பளபளப்பாக்கித் தருகிறோம் என்று அவற்றைப் பாவிப்பவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அவை அலுமினியத்தையே தின்னும்.

இரவில் இன்டர்கூலருக்குப் பின்னால் ஒரு டோர்ச் வைத்து முன்னாலிருந்து பாருங்கள். எங்கே ஒளி வரவில்லையோ அங்கே காற்றும் வராது. ஏசி கன்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் நடுவில் இன்டர்கூலர் உள்ள வண்டிகளில் மூன்றையும் சேர்த்துக் கழுவவேண்டும். ஒன்றை விட்டால் அதன் அடைப்பு மற்ற இரண்டையும் பாதிக்கும்.

உட்புறம் வேறு வேலை. இஞ்சினின் மூச்சுக்குழாய் வழியே வரும் எண்ணெய் இன்டர்கூலரின் உட்சுவரில் படிந்து, சூடு வெளியேறுவதைத் தடுக்கிறது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கழற்றி, மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி வடித்து, பிறகு சவர்க்கார நீரால் அலசுங்கள். முழுவதும் காயவிட்ட பின்னரே மாட்டவேண்டும். உள்ளே எண்ணெயோ மண்ணெண்ணெயோ தேங்கியிருந்தால் டீசல் இஞ்சின் அதையே எரிபொருளாக உறிஞ்சிக்கொண்டு, திறப்பை மூடினாலும் நிற்காமல் சீறும். இதை விளையாட்டாக எடுக்காதீர்கள்.

வண்டியை நிறுத்தும் திசையும் ஒரு சிகிச்சைதான். கடற்கரையோரம் வீடுள்ளவர்கள் முன்பக்கம் கடலைப் பார்க்க நிறுத்துவதைத் தவிர்க்கவேண்டும். பின்பக்கத்தைக் கடலுக்குக் காட்டி நிறுத்தினால் இரவு முழுவதும் உப்புக்காற்று கிரில்லுக்குள் நேரே அடிக்காது.

நுரைப்பட்டி, ஹோஸ், தகடு

பொனற்றின் மேல் மூக்கு உள்ள வண்டிகளில், அதாவது ஹைலக்ஸ் 3.0, பஜேரோ, எல்200, ஜிம்னி ஆகியவற்றில், இன்டர்கூலர் இஞ்சினின் தலைமேல் படுத்திருக்கும். மூக்கு வழியே வரும் காற்று அதன் ஃபின்களுக்குள்ளே போகவேண்டுமானால் மூக்கின் விளிம்புக்கும் இன்டர்கூலருக்கும் இடையே ஒரு நுரைப்பட்டி அல்லது ரப்பர் விளிம்பு இருக்கவேண்டும். பத்து வருடத்தில் அது பொடியாகிவிடும். பிறகு காற்று சுலபமான வழியைத் தேடி இடைவெளியால் பக்கங்களுக்கு ஓடும். ஃபின்களுக்குள் போவது மிச்சம் மீதிதான். பஸ் கதவுகளுக்கும் குளிரூட்டி அறைகளுக்கும் ஒட்டும் அடர்த்தியான ரப்பர் நுரையை வாங்கிப் பழைய பசையைச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். பொனற்றை மூடும்போது நுரை மெல்ல அமுங்கவேண்டும். அது சரியாக அமுங்குகிறதா என்று அறிய, நுரையின் மேல் சோக் தூள் தடவிப் பொனற்றை ஒருமுறை மூடித் திறந்தால் போதும். பொனற்றின் அடியில் தூள் ஒட்டாத இடம் காற்று ஒழுகும் இடம். இந்தப் புத்தகத்தில் செலவுக்கு மிகக் கூடுதலான பலன் தரும் வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

முன்னால் இன்டர்கூலர் உள்ள வண்டிகளில் பக்கத் தடுப்புகளைப் பாருங்கள். ரேடியேற்றரைச் சுற்றி உள்ள இடைவெளிகள் அடைக்கப்பட்டிருக்கவேண்டும். கிரில்லுக்கு முன்னால் தொங்கும் கூடுதல் லைற்றுகள், அகலமான புல் பார், பெயர்ப் பலகை என்று காற்றை மறைக்கும் எல்லாமே ஃபின்களின் வாயில் வைத்த கைதான்.

டர்போவிலிருந்து இஞ்சின்வரை உள்ள ஹோஸ்களில் ஒழுக்கு இருந்தால் டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று அதை ஈடுகட்டப் பார்க்கும். காற்று இன்னும் சூடேறும். ஒழுகும் மூட்டில் எண்ணெய் ஈரம் கசிந்து தூசி பிடித்திருக்கும். சந்தேகமான மூட்டில் சவர்க்கார நீர் தடவி, உதவிக்கு ஒருவரை வைத்து இஞ்சினை உயர்த்தச் சொல்லிக் குமிழிக்கிறதா என்று பாருங்கள். நிறுத்தி வைத்த வண்டியில் டர்போ பெரிய அழுத்தம் தராது. ஆகவே சரியான சோதனைக்கு, நுழைவாயை அடைத்துக் குறைந்த அழுத்தக் காற்றுச் செலுத்தத் தெரிந்த பாஸிடம் போவதே நல்லது. பிளாஸ்டிக் தொட்டியுள்ள இன்டர்கூலர்களில் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேரும் மடிப்பில் கசிவது வழக்கம்.

டர்போவின் சூடான பக்கத்தை மூடியிருந்த தகடு உங்கள் வண்டியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிடித்துக்கொண்ட போல்ட்டை உடைத்துக் கழற்றியவர்கள் திரும்பப் போடாமல் விடுவது அடிக்கடி நடப்பது. அந்தத் தகடு இல்லாமல் பொனற்றுக்குக் கீழே உள்ள எல்லாமே கூடுதலாக வேகும்.

ஓட்டும் விதம்

மிக மோசமான நிலை மணலில்தான் வரும். கற்பிட்டிக் கடற்கரையில் படகை இழுக்கும் பிக்கப் முழு இழுவையில் நடைவேகத்தில் நகர்கிறது; இன்டர்கூலருக்குக் காற்றே இல்லை. ரயர் காற்றை இறக்கி, நாலு சில்லையும் போட்டு, குறைந்த கியரில், இடையிடையே நிறுத்தி இழுங்கள். நிறுத்தும்போது இஞ்சினை அணைக்காமல் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள்.

சோளகம் எனும் அந்தத் தென்மேல் காற்று அடிக்கும் மாதங்களில் கற்பிட்டி நோக்கிப் போகும்போது காற்றுப் பின்பக்கமும் பக்கவாட்டிலும் இருந்து வரும். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகப் பின்காற்றில் 60இல் போகும் வண்டியின் கிரில்லுக்குள் நுழைவது 30இன் காற்றுத்தான். வண்டி இலகுவாகப் போவதுபோல் தோன்றினாலும் எண் ஏறியிருக்கும். திரும்பி வரும்போது இழுவை கூடினாலும் காற்று நன்றாகப் பாயும். இரண்டு பயணங்களின் எண்களையும் ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள்.

ஓகஸ்ட்டில் தலவில புனித அன்னாள் திருவிழா, முன்னேஸ்வரத் திருவிழா என்று வீதி நெரியும் நாட்களில், தலைமேல் இன்டர்கூலர் உள்ள வண்டிகள் நின்று நின்று ஊர்ந்தால் ஃபின்களே அறுபது பாகைக்கு மேல் சூடேறிவிடும். நெரிசல் விட்டதும் உடனே முழுவதும் மிதிக்காமல் ஓரிரு நிமிடம் மெதுவாகப் போனால் அது ஆறிவிடும். மேல் கியரில், குறைந்த சுற்றில், அக்சிலரேற்றரை அமுக்கிப் பிடிப்பது எந்த நாளிலும் கெடுதல்; ஒரு கியர் கீழே இறங்குங்கள். மரக்கறி லொறிகள் இரவில் புறப்பட்டால் இஞ்சினுக்கும் இலாபமே, நள்ளிரவுக் காற்று நடுப்பகலைவிடச் சில பாகை குளிர்வானது. பெற்றோல் டர்போவுக்குக் கம்பனி 92 போதும் என்று சொல்லியிருந்தாலும் இந்தக் கரையின் வெப்பமான மாதங்களில் 95 ஒக்டேன் அடிப்பது தட்டலிலிருந்து காக்கும்.

பெரிய இன்டர்கூலரும் தண்ணீர்த் தெளிப்பும்

இன்டர்கூலரே இல்லாமல் வந்த பழைய டர்போ டீசலுக்கு ஒன்றைப் பொருத்துவது நியாயமான செலவு. ஏற்கெனவே உள்ள வண்டிக்குப் பெரிதாகப் போடுவதில் இரண்டு இடர் உண்டு. கூடுதல் கொள்ளளவு நிரம்ப நேரம் எடுப்பதால் மிதித்ததும் இழுவை வராது. ரேடியேற்றருக்கு முன்னால் தொங்கவிட்டால் அதற்குப் போகும் காற்றைத் தடுத்து, நெரிசலில் இஞ்சினையே கொதிக்க வைக்கும்.

தண்ணீர்த் தெளிப்பு வேறு. சுபாரு இம்பிரெசா எஸ்டிஐயில் கம்பனியே அதற்கு ஒரு பொத்தான் வைத்திருந்தது. ஃபின்களில் நீர் ஆவியாகும்போது பெரும் வெப்பத்தை எடுத்துச் செல்லும். கரையின் ஈரக்காற்றிலும் இது வேலை செய்யும், ஏனெனில் ஃபின்கள் காற்றைவிட எவ்வளவோ சூடாக இருக்கின்றன. பாரத்தோடு கடுகண்ணாவ ஏற்றம் போன்ற இடங்களுக்குப் போகிறவர்கள், கண்ணாடி கழுவும் மோட்டரும் சிறு நொஸிலும் கொண்டு செய்துகொள்ளலாம். அதில் ஊற்றுவது சுத்திகரித்த நீராக மட்டுமே இருக்கட்டும். கிணற்று நீரை ஊற்றினால் சில மாதங்களில் ஃபின்கள் உப்பும் சுண்ணாம்பும் பூசிக்கொள்ளும். கழுவிக் காத்த வேலை அத்தனையும் வீண்.

இவை எல்லாவற்றையும் செய்து, அதே மதுரங்குளி வீதியில் எண்ணும் இறங்கிய பின்னர், வண்டி இன்னும் இழுக்கவில்லை என்றால்தான் டர்போவைச் சந்தேகிக்கவேண்டும். இஞ்சின் ஆறியதும் நுழைவுக் குழாயைக் கழற்றி, அமுக்கிச் சக்கரத்தை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இயல்பு. சுழற்றும்போது அலகுகள் சுவரில் உரசினாலோ, முன்னும் பின்னுமாக அசைவு தெரிந்தாலோ, அலகு நுனிகள் மணலால் மழுங்கியிருந்தாலோ டர்போவுக்குச் செலவு செய்யும் காலம் வந்துவிட்டது. புதியதைப் பூட்டும் முன் இன்டர்கூலரையும் ஹோஸ்களையும் மறுபடி கழற்றி, பழைய டர்போ விட்ட எண்ணெயையும் உலோகத் துகளையும் முழுவதும் அகற்றச் சொல்லுங்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.